மின்னாற்பகுப்புத் தொட்டியில் காந்தம்: எந்தப் பக்கம் வைத்தீர்கள்?

கேள்வி இதுதான். கல்லூரியில் வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவர் அரை லிட்டர் காஸ்டிக் சோடா கரைசலில் இரண்டு எவர்சில்வர் தகடுகளை நேருக்கு நேர் நிறுத்தி, 12 வோல்ட் கொடுத்து நீரைப் பகுத்திருக்கிறார். மின்னோட்டம் 2 ஆம்பியர் அளவில் ஓடியிருக்கிறது. முதலில் காந்தம் இல்லாமல் கால் மணி நேரம். அப்புறம் தொட்டிக்கு வெளியே ஒவ்வொரு தகட்டின் முதுகுப் பக்கமும் ஒரு நியோடிமியம் காந்தத்தை ஒட்டி இன்னொரு கால் மணி நேரம். இரண்டாவது தடவை வாயு ஏறக்குறைய 20 விழுக்காடு கூடுதல். "இது நிஜமா? நிஜமென்றால் ஏன் எல்லாத் தொழிற்சாலையிலும் காந்தம் வைக்கவில்லை?" என்று கேட்கிறார்.

காந்தப்புலத்தால் மின்னாற்பகுப்பு மேம்படுவது நிஜம். நல்ல ஆய்வகங்கள் அளந்து பார்த்த விஷயம். ஆனால் உங்கள் தொட்டியில் வந்த 20 விழுக்காடு காந்தத்தால் வந்தது என்று நான் நம்பவில்லை. காரணம் சொல்கிறேன்.

12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் தொட்டிக்குள் போவது 24 வாட். நீரைப் பிரிக்கும் வேதிவினைக்குச் செல்வது ஏறக்குறைய 3 வாட் மட்டுமே. மீதி 21 வாட் அப்படியே சூடாகிறது. அரை லிட்டர் தண்ணீருக்கு 21 வாட் கால் மணி நேரம் கொடுத்தால், வெளியே கசியும் வெப்பத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 9 டிகிரி ஏறும். காரக் கரைசலின் மின்கடத்துதிறன் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 விழுக்காடு கூடும். ஆக, இரண்டாவது ஓட்டம் தொடங்கும்போதே உங்கள் கரைசல் முதல் ஓட்டத்தின் தொடக்கத்தைவிட 18 விழுக்காடு நன்றாகக் கடத்திக்கொண்டிருந்திருக்கும். காந்தத்துக்குப் பதில் ஒரு செங்கல்லை வைத்திருந்தாலும் இதே 20 விழுக்காடு வந்திருக்கலாம்.

மனம் தளர வேண்டாம். இந்தத் தவறு மாணவர்கள் மட்டும் செய்வதல்ல. பல ஆண்டுகள் செயல்திட்டங்களுக்கு வழிகாட்டியிருக்கிறேன். "முதலில் காந்தம் இல்லாமல், பிறகு காந்தத்தோடு" என்ற வரிசையில் செய்யாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நானே ஒரு வருடம் முழுக்க இப்படி ஏமாந்திருக்கிறேன். அப்போது நாங்கள் நிக்கல் தகடு பயன்படுத்தினோம். நிக்கல் காந்தத்தால் இழுக்கப்படும் உலோகம். தகடுகளுக்கு நடுவே, ஒரு தகட்டையொட்டி ஒரு காந்தத்தை நிறுத்தியிருந்தோம். எதிரே இருந்த மெல்லிய தகடு அதை நோக்கி வளைந்து, இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் குறைந்து, மின்னோட்டம் ஏறியது. அதைக் காந்த விளைவு என்று நம்பி வரைபடமெல்லாம் போட்டோம். தகடு வளைந்திருப்பதைக் கண்டுபிடித்தவர் ஆய்வக உதவியாளர்.

சரி, காந்தம் எதைச் செய்யாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். வாயுவின் அளவை முடிவு செய்வது மின்னூட்டம். ஃபாரடே 1830களில் நிறுவிய விதி அது. 96,485 கூலும் ஓடினால் ஒரு மோல் எலக்ட்ரான் கடந்திருக்கிறது. இரண்டு எலக்ட்ரானுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 0.0376 கிராம் ஹைட்ரஜன். நம் ஊர் 30 டிகிரியில் அது உலர்வாயுவாக 464 மில்லிலிட்டர். தண்ணீருக்கு மேல் சேகரித்தால் நீராவியும் சேர்ந்து இன்னும் 4 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். காந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. "அதே மின்னோட்டத்தில் காந்தத்தால் அதிக வாயு" என்று யாராவது சொன்னால் அளவீட்டில் பிழை இருக்கிறது, அல்லது அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொல்லி முதலீடு வாங்கிய ஸ்டான்லி மேயர் மீது 1996-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநில நீதிமன்றம் மோசடி என்று தீர்ப்பளித்து, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. மின்னாற்பகுப்பில் ஃபாரடே கணக்கைத் தாண்டியதாக எது வந்தாலும் அந்தத் தீர்ப்பு எனக்கு ஞாபகம் வரும்.

"காந்தம் நீர் மூலக்கூறின் பிணைப்பைத் தளர்த்துகிறது" என்ற விளக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றல் 4.8 எலக்ட்ரான் வோல்ட். ஒரு டெஸ்லா புலம் ஒரு எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்குத் தரும் ஆற்றல் 0.00006 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தின் அதிர்வே 0.025. வெப்பத்தின் ஆட்டத்தில் நானூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்று, பிணைப்பை அசைக்க வழியே இல்லை.

பிறகு காந்தம் என்னதான் செய்கிறது? கரைசலைக் கலக்குகிறது. இந்த ஒரு வேலைதான் பெரும்பாலான சோதனைகளில் நடப்பது.

மின்வாய்களில் உண்டாகும் குமிழிகள் உடனே கிளம்பிவிடுவதில்லை. தகட்டில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. ஒட்டியிருக்கும் இடத்தில் கரைசல் தகட்டைத் தொடாது, அங்கே வினை நடக்காது. மிச்சமிருக்கும் பரப்பு முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருப்பதால் அதற்கு மிகை மின்னழுத்தம் தேவைப்படுகிறது. கிளம்பிய குமிழிகளும் தொல்லைதான். தகடுகளுக்கு இடையே உள்ள கரைசலில் ஐந்தில் ஒரு பங்கு வாயுவாக நிறைந்துவிட்டால் மின்தடை சுமார் 40 விழுக்காடு ஏறும். ஆக, குமிழியைச் சீக்கிரம் துடைத்து வெளியேற்றினால் அதே மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டம் ஓடும். அதிக மின்னோட்டம் என்றால் ஃபாரடே கணக்குப்படியே அதிக வாயு.

கரைசலுக்குள் மின்னோட்டத்தைச் சுமப்பவை அயனிகள். மின்னோட்டத்துக்குக் குறுக்கே காந்தப்புலம் இருந்தால் அயனிகள் மீது லாரன்ஸ் விசை இயங்கும். அவை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு நகரும். எவ்வளவு விசை? உங்கள் தகடு 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 ஆம்பியர். புலம் 0.2 டெஸ்லா என்றால் ஒரு கன மீட்டர் கரைசலுக்கு 200 நியூட்டன். தண்ணீரின் எடை கன மீட்டருக்கு 9,800 நியூட்டன். "வெறும் 2 விழுக்காடா" என்று தோன்றும். ஆனால் தொட்டிக்குள் நீரோட்டத்தை உண்டாக்குவது தண்ணீரின் எடையல்ல, அதில் கலந்திருக்கும் வாயுவின் மிதப்பு. கரைசலில் 3 விழுக்காடு வாயு இருந்தால் மிதப்பு விசை சுமார் 300 நியூட்டன்தான். அதற்கு அருகில் நம் 200 நியூட்டன் கணிசமான பங்கு. சாதாரணக் காந்தம்கூட நீரோட்டத்தைக் கண்ணுக்குத் தெரியுமளவு மாற்றுவது இதனால்தான்.

இங்கேதான் தலைப்பில் இருக்கும் கேள்வி வருகிறது. காந்தத்தை எந்தப் பக்கம் வைத்தீர்கள்? தகட்டின் முதுகில். அப்படி வைத்தால் காந்தப்புலம் ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்குப் போகும். மின்னோட்டமும் அதே திசையில்தான் போகிறது. இரண்டும் இணையாக இருந்தால் லாரன்ஸ் விசை பூச்சியம்! குமிழியைச் சுற்றி மின்னோட்டக் கோடுகள் வளையும் இடங்களிலும், தகட்டின் ஓரங்களிலும் சிறு சுழல்கள் உண்டாகும், அவ்வளவுதான். வீட்டில் செய்யும் பெரும்பாலான அமைப்புகளில் காந்தத்தை இந்தப் பக்கம்தான் ஒட்டுகிறார்கள், ஏனென்றால் ஒட்ட வசதியான இடம் அது.

காந்தங்களை 90 டிகிரி திருப்பி, தகடுகள் இல்லாத இரண்டு பக்கச் சுவர்களில் வையுங்கள். ஒன்றின் வடமுனையும் மற்றதன் தென்முனையும் எதிரெதிரே இருக்கட்டும். இப்போது மின்னோட்டம் இடமிருந்து வலம், புலம் முன்னிருந்து பின். ஃபிளெமிங்கின் இடக்கை விதியைப் போட்டால் விசை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வரும். மேல்நோக்கி வந்தால் அது குமிழியின் மிதப்போடு கைகோக்கும். இரண்டு காந்தங்களையும் திருப்பி வைத்தால், அதே விசை கீழ்நோக்கி மிதப்பை எதிர்க்கும். ஒரே காந்தம், ஒரே தொட்டி, ஆனால் வடக்கு தெற்கை மாற்றினால் பலன் மாற வேண்டும். காந்தம்தான் காரணம் என்று நிரூபிக்க எனக்குத் தெரிந்த மிக அழகான சோதனை இது. வெப்பமும் தகடு வளைவதும் வடக்கு தெற்கு பார்ப்பதில்லை.

கலக்குவதற்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று சில மாணவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். காந்தம் செலவழிவதில்லை. கரைசல் புலத்துக்குக் குறுக்கே ஓடும்போது ஒரு எதிர் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. விநாடிக்கு 10 சென்டிமீட்டர் ஓட்டம், அரை டெஸ்லா, ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்றால் அது அரை மில்லிவோல்ட். கலக்கும் கூலியை மின்வழங்கி அந்த அரை மில்லிவோல்ட்டாகக் கட்டிவிடுகிறது. மிக மலிவு. நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தம் வைத்தால் மட்டும் அதன் சுருளில் எரியும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காமல் "திறன் கூடியது" என்று எழுதும் கட்டுரைகள் எனக்குக் கோபத்தை வரவழைக்கின்றன.

தொழிற்சாலைகள் ஏன் வைக்கவில்லை என்ற கேள்விக்கும் விடை கணக்கில்தான் இருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குத் தேவைப்படும் மின்சாரம், ஒரு கலத்தின் மின்னழுத்தத்தை 26.6 ஆல் பெருக்கினால் வரும் யூனிட். நீரைப் பகுக்க வேண்டிய குறைந்தபட்ச மின்னழுத்தம் 1.23 வோல்ட். வெளியிலிருந்து வெப்பம் எடுக்காமல் பகுக்க 1.48 வோல்ட், அதாவது கிலோவுக்கு 39.4 யூனிட். 2 வோல்ட்டில் ஓடும் கலம் 53 யூனிட் தின்னும். அதில் குமிழிகளால் வரும் இழப்பு 0.1 வோல்ட் என்றும், காந்தம் அதில் பாதியைத் துடைத்துவிடும் என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 0.05 வோல்ட் மிச்சம், கிலோவுக்கு 1.3 யூனிட். இது சின்ன விஷயமில்லை, பெரிய ஆலைக்கு நிஜமான பணம். ஆனால் இதே மிச்சத்தை ஒரு சிறு பம்பு வைத்துக் கரைசலை ஓட்டியும், தகட்டுக்குப் பதில் வலை வைத்தும் பெறலாம். இன்றைய கலங்களில் இரண்டு மின்வாய்களையும் நடுவில் உள்ள சவ்வோடு நெருக்கி அழுத்தி, வாயுவைப் பின்பக்கமாக வெளியேற்றிவிடுகிறார்கள். கலக்குவதற்கு நடுவில் கரைசலே இல்லை. லாரன்ஸ் விசைக்கு அங்கே வேலை குறைவு.

உங்கள் சோதனையில் மாறா மின்னழுத்தம் கொடுத்தீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அதில் வாயு 10 விழுக்காடு கூடினால் மின்னோட்டமும் 10 விழுக்காடு கூடியிருக்கிறது, மின்சாரச் செலவும் 10 விழுக்காடு கூடியிருக்கிறது. கிலோவுக்கான செலவு ஒரு பைசாகூடக் குறையவில்லை. அதே தொட்டியில் வேகமாக உற்பத்தி செய்தீர்கள், அதுவே லாபம். மிச்சம் தெரிய வேண்டுமானால் மின்னோட்டத்தை மாறாமல் நிறுத்தி, மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

இதுவரை சொன்னது கலக்கும் வேலை. இதைவிட ஆழமான இன்னொரு வழி இருக்கிறது. இந்தத் துறையை நான் விடாமல் கவனித்துவருவதற்குக் காரணமே அதுதான். மின்னாற்பகுப்பில் கஷ்டமான பாதி ஹைட்ரஜன் பக்கமல்ல, ஆக்சிஜன் பக்கம். நான்கு எலக்ட்ரான்கள் படிப்படியாகக் கைமாறினால்தான் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உருவாகும். அந்த மூலக்கூறோ விசித்திரமானது. அதில் இரண்டு எலக்ட்ரான்கள் இணை சேராமல், ஒரே திசைத் தற்சுழற்சியோடு (எலக்ட்ரானைச் சிறு காந்தமாக்கும் பண்பு, ஆங்கிலத்தில் ஸ்பின்) இருக்கின்றன. திரவ ஆக்சிஜனைக் காந்தத் துருவங்களுக்கு நடுவே ஊற்றினால் பாலம் போல ஒட்டி நிற்பது அதனால்தான். தண்ணீரிலும் ஹைட்ராக்சைடு அயனியிலும் எல்லா எலக்ட்ரான்களும் இணைசேர்ந்தே இருக்கின்றன. இணைசேர்ந்தவற்றிலிருந்து ஒரே திசையில் சுழலும் இரண்டு எலக்ட்ரான் கொண்ட ஒன்று பிறக்க வேண்டும். வழியில் எங்கோ தற்சுழற்சியை ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கிறது. ஒழுங்குபடாமல் எதிரெதிர்த் தற்சுழற்சியோடு பிறக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஒரு எலக்ட்ரான் வோல்ட் அதிக ஆற்றலில் இருக்கும்.

வினையூக்கியே இரும்புக்காந்தத் தன்மை உடையதாக இருந்தால்? ஸ்பெயினின் தாரகோனாவில் கலான்-மஸ்கரோஸ் குழு இதைச் சோதித்து 2019-ல் வெளியிட்டது. நிக்கல், துத்தநாகம், இரும்பு ஆக்சைடு பூசிய மின்வாய், காரக் கரைசல், 0.45 டெஸ்லாவுக்கு உட்பட்ட சாதாரண நிலைக்காந்தம். மின்னோட்ட அடர்த்தி இரட்டிப்புக்கும் மேல் ஆனது. காந்தத்தன்மை இல்லாத இரிடியம் ஆக்சைடில் அந்தப் பலன் இல்லை. 2021-ல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு கோபால்ட் இரும்பு ஆக்சைடில் இதே போன்ற பலனைக் காட்டியது. ஒருமுறை காந்தமாக்கிவிட்ட வினையூக்கி, வெளிப்புலத்தை எடுத்த பிறகும் நன்றாக வேலை செய்தது. கலக்குவதுதான் காரணமென்றால் புலத்தை எடுத்ததும் பலன் போயிருக்க வேண்டும்.

பிணைப்பை அசைக்க முடியாத காந்தம் இதை மட்டும் எப்படிச் செய்கிறது என்று நியாயமாகக் கேட்பீர்கள். இரும்புக்காந்தப் பொருளுக்குள் தற்சுழற்சிகள் ஏற்கெனவே தமக்குள் வலுவாக ஒழுங்குபட்டிருக்கின்றன. சிறுசிறு பேட்டைகளாக, ஒவ்வொரு பேட்டையும் வெவ்வேறு திசை பார்த்து நிற்கின்றன. வெளிப்புலம் செய்வது அந்தப் பேட்டைகளை ஒரே பக்கம் திருப்புவது மட்டும். அதற்கு மிகக் குறைந்த ஆற்றல் போதும். கடினமான வேலையைப் பொருளே செய்து வைத்திருக்கிறது.

இதில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. காந்தப்புலத்தில் மின்வாய்ப் பொருளின் மின்தடையே மாறலாம், குமிழி கிளம்புவதும் கூடவே நடக்கிறது, தற்சுழற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். எனக்குத் தற்சுழற்சி விளக்கம் சரியென்றே படுகிறது. ஆனால் அந்த இரட்டிப்பு, தொழிற்சாலை அளவு மின்னோட்டத்தில் நிற்குமா என்பது வேறு கேள்வி. குறைந்த மின்னழுத்தத்தில் கிடைக்கும் சதவீதம் எப்போதும் பெரிதாகத் தெரியும்.

பிரான்சில் 2018-ல் வந்த மூன்றாவது வழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரும்பு கார்பைடு உட்கருவும் நிக்கல் மேல்தோலும் கொண்ட நுண்துகள்களை மின்வாயில் பூசி, 300 கிலோஹெர்ட்ஸில் மாறும் காந்தப்புலத்தில் வைத்தார்கள். துகள்கள் மட்டும் உள்ளூரச் சூடாகின, கரைசல் குளிர்ந்தே இருந்தது. ஆக்சிஜன் பக்கம் 200 மில்லிவோல்ட், ஹைட்ரஜன் பக்கம் 100 மில்லிவோல்ட் மிகை மின்னழுத்தம் குறைந்தது. இண்டக்‌ஷன் அடுப்பின் தத்துவம்தான். புலத்தை உண்டாக்கும் சுருளின் செலவைக் குறைப்பதில்தான் இதன் எதிர்காலம் இருக்கிறது.

காந்தம் உண்மையாகவே இன்றியமையாததாக ஆகப்போகும் இடம் பூமியில் இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் சுவாசிக்கும் ஆக்சிஜன் மின்னாற்பகுப்பில்தான் தயாராகிறது. அங்கே எடை இல்லை, எனவே மிதப்பும் இல்லை. குமிழி எங்கே பிறந்ததோ அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. அதைப் பிரித்தெடுக்கச் சுழலும் இயந்திரங்கள் வேண்டும், அவற்றுக்கு மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். ஜெர்மனியின் பிரெமன் நகரில் 146 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதற்குள் கலத்தை மேலே எறிந்து விழவிட்டால் 9 விநாடி எடையின்மை கிடைக்கும். அங்கே காந்தத்தோடு நடந்த மின்னாற்பகுப்புச் சோதனைகள் 2025-ல் வெளியாயின. காந்தம் இல்லாதபோது கிடைத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் மின்னோட்டம் ஓடியது. லாரன்ஸ் விசை கரைசலைச் சுழற்றியது. தண்ணீரைக் காந்தம் மிக லேசாக விலக்கும் என்பதால், குமிழிகள் காந்தத்தை நோக்கி ஒதுங்கின. பூமியில் நாம் பொருட்படுத்தாத அந்த மெல்லிய தள்ளல், எடை இல்லாத இடத்தில் போதுமானதாகிவிடுகிறது.

இனி உங்கள் தொட்டிக்கு வருவோம். அடுத்த தடவை 12 வோல்ட் வேண்டாம், அதைவிட மிகக் குறைவே போதும். எவர்சில்வரை நேர்மின்வாயாக வைத்தால் கரைசல் மஞ்சளாகும். அது குரோமேட், புற்றுநோய் உண்டாக்கும் நச்சு. அந்தக் கரைசலைச் சாக்கடையில் கொட்டாமல் ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். நேர்மின்வாய்க்கு நிக்கல் வாங்குங்கள், காந்தத்துக்கு வளையாதபடி இரண்டு முனையிலும் இறுக்கிப் பிடியுங்கள். உப்பைப் போட்டால் குளோரின் வரும், போடாதீர்கள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் காஸ்டிக் சோடா பக்கம் போகவே கூடாது. இரண்டு வாயுக்களையும் தனித்தனிக் குழாயில் பிடியுங்கள். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் இருந்தாலே தீப்பிடிக்கும்.

தொட்டியை ஒரு பெரிய தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்து, வெப்பமானியைக் கரைசலிலேயே விட்டுவிடுங்கள். ஒரு டிகிரிக்கு மேல் மாறினால் அந்த அளவீட்டைத் தள்ளிவிடுங்கள். மின்னோட்டம் அரை ஆம்பியரில் மாறாமல் நிற்கட்டும், மின்னழுத்தத்தை மில்லிவோல்ட் வரை எழுதுங்கள். காந்தம் இல்லை, விசை மேல்நோக்கி, காந்தம் இல்லை, விசை கீழ்நோக்கி என்று ஐந்தைந்து நிமிடமாக மாற்றி மாற்றிப் பத்துச் சுற்று ஓட்டுங்கள். காந்தம் இல்லாத சுற்றுகளில் அதே அளவு பித்தளைக் கட்டியை அந்த இடத்தில் வையுங்கள். சேகரித்த ஹைட்ரஜனை ஃபாரடே கணக்கோடு ஒப்பிட்டு, விகிதம் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்து, மேல்நோக்கிய சுற்றுகளில் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் இறங்கி, கீழ்நோக்கிய சுற்றுகளில் ஏறினால், அந்தச் சில மில்லிவோல்ட் உங்கள் பழைய 20 விழுக்காட்டைவிட எவ்வளவோ மேல். அந்த அட்டவணை கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள்.